குருவின் படுக்கையைச் சுற்றி

1950ஆம் ஆண்டில் தமிழ் நிலத்தில், நூறு கிலோமீட்டர் சொச்சம் இடைவெளியில், இரண்டு குருமார்கள் மறைந்தார்கள். ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் ரமண மகரிஷி. டிசம்பர் 5 பின்னிரவில் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர். ஒருவர் உடலை ஒரு பொருட்டாகவே கருதாதவர். மற்றவர், இந்த உடலே தெய்வத்தன்மை பெற்று மாற வேண்டும் என்பதற்காக யோகம் செய்தவர். இருவர் படுக்கையருகிலும் அலோபதி டாக்டர்கள் நின்றார்கள்; பார்த்ததை எழுதிவைக்கும் பழக்கமுள்ள சீடர்கள் நின்றார்கள். எந்த மாதம் என்ன மருந்து, யார் என்ன கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பழைய மகான்களின் வரலாறுகளில் கிடைக்காத சௌகரியம் இது.

குருவின் மறைவு என்றதும் நம் காதில் முதலில் விழுபவை வேறு கதைகள். முன்கூட்டியே நாள் குறித்தார், பத்மாசனத்தில் இருந்தபடியே போனார், மூன்று நாளாகியும் மேனி வாடவில்லை. இந்தக் கதைகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, படுக்கையருகே இருந்தவர்களின் குறிப்புகளைப் படித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. தம் சாவைப் பற்றிப் பெரும்பாலான குருமார்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்குத்தான். டாக்டர் அதைத் தள்ளிப்போடப் பார்க்கிறார். சீடர் அதைத் தடுக்கப் பார்க்கிறார். முடியாதபோது, அதைத் தம் நம்பிக்கைக்குச் சான்றாக மாற்றப் பார்க்கிறார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் படுத்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் போதித்ததன் உரைகல் இருக்கிறது.

ரமணருக்கு 1949 தொடக்கத்தில் இடது முழங்கை அருகே ஒரு சிறு கட்டி வந்தது. பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அது முன்னிலும் பெரிதாகத் திரும்பி வந்தது. மார்ச்சில் மீண்டும் அறுவை. திசுவைச் சோதித்தபோது சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் சிகிச்சை கொடுத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் இணங்கவில்லை. உடம்பே ஒரு நோய். அது தன் இயல்பான முடிவுக்குப் போகட்டும், அதை ஏன் வெட்ட வேண்டும், கட்டுப் போட்டால் போதும் என்பது அவர் நிலை. ஆகஸ்டில் மூன்றாவது அறுவை, டிசம்பரில் நான்காவது. நடுவில் ஆயுர்வேதக்காரர்கள் வந்தார்கள், ஹோமியோபதி வந்தது, நாட்டு வைத்தியர் பச்சிலை கட்டினார். ஒவ்வொரு தரப்பு பக்தர்களுக்கும் ஒரு வைத்தியத்தில் நம்பிக்கை. அவர் எல்லோருக்கும் கையை நீட்டினார்.

உங்களுக்கு எந்தச் சிகிச்சை வேண்டும் என்று அவரிடமே கேட்டுப் பார்த்தார்கள். தாம் எப்போதாவது சிகிச்சை கேட்டதுண்டா, வேண்டும் என்று சொல்வது நீங்கள்தானே, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இதைப் பற்றற்ற ஞானியின் வாக்கு என்று மேற்கோள் காட்டுவது வழக்கம். அதில் ஒரு நடைமுறை நுட்பமும் இருக்கிறது. வைத்தியம் யாருடைய தேவை என்பதை அவர் சரியாகச் சொல்லிவிட்டார். அந்தத் தேவையை மறுத்து அவர்களைத் தவிக்கவிடவும் இல்லை. அவர் பிடிவாதம் பிடித்தவை இரண்டே. கையை வெட்டக் கூடாது. வருகிறவர்களுக்குத் தரிசனத்தை நிறுத்தக் கூடாது. எழ முடியாமல் படுத்திருந்த கடைசி நாட்களிலும் காலையும் மாலையும் ஜனங்கள் அறை வாசல் வழியே வரிசையாக நடந்துபோய் அவரைப் பார்த்தார்கள்.

அவருக்கு இது இரண்டாவது மரணம் என்று பக்தர்கள் சொல்வதுண்டு. 1896 ஜூலையில், 16 வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் திடீரென்று சாவு பயம் அவரைப் பிடித்தது. யாரையும் கூப்பிடாமல், பிணம்போல் கை கால்களை நீட்டிப் படுத்து, இந்த உடம்பு செத்தால் எது சாகிறது என்று தமக்குள்ளே பார்த்தார். சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலை வந்து சேர்ந்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து வந்த கட்டி அவரைப் பொறுத்தவரை தாமதமாக வந்த சம்பிரதாயம். பக்தர்கள் அழுதபோது அவர் சொன்னதன் சாரம், எங்கே போகப் போகிறேன், போவதற்கு எந்த இடம் இருக்கிறது என்பதுதான். சாப்பிட்டு முடித்த இலையை யாராவது எடுத்துப் பத்திரப்படுத்துவார்களா என்றும் கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் 14 மாலை டாக்டர் ஆக்சிஜன் கொடுக்க முயன்றபோது வலது கையை அசைத்து விலக்கினார். வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாட ஆரம்பித்தார்கள். அவர் கண்ணோரம் நீர் வழிந்ததாக அருகிலிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மணி 8.47. அதே நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததை, அப்போது அங்கிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் பார்த்துக் கடிகாரத்தையும் பார்த்தார். இந்த எரிநட்சத்திரம் எல்லோருக்கும் தெரியும். கடைசி நாட்களில் மயில் அகவுவதைக் கேட்டு, அதற்குத் தீனி வைத்தாயிற்றா என்று அவர் விசாரித்தது அந்த அளவுக்குப் பரவவில்லை. இரண்டில் எது அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

இந்த விஷயத்தில் உலகியல் பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரம நிர்வாகத்தை யார் பார்ப்பது என்ற வழக்கு வம்புகளுக்குப் பிறகு, 1938இலேயே அவர் உயில் எழுதியிருந்தார். தம்பி நிரஞ்சனானந்தர் சர்வாதிகாரி என்னும் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். ஆனால் ஞானத்துக்கு வாரிசு என்று யாரையும் அவர் காட்டவில்லை.

புதுச்சேரியில் நிலைமை இன்னும் சிக்கலானது. அரவிந்தர் 1926 நவம்பர் 24 முதல் அறையைவிட்டு வெளியே வராதவர். ஆண்டில் சில தரிசன நாட்களில் மட்டும் காட்சி கொடுப்பார். 1950 நவம்பர் 24 தரிசனத்துக்கு அமர்ந்தபோதே சிறுநீரகக் கோளாறு முற்றியிருந்தது. கல்கத்தாவிலிருந்து டாக்டர் பிரபாத் சன்யால் வரவழைக்கப்பட்டார். ஆசிரமத்திலேயே இருந்த டாக்டரும் கவிஞருமான நீரோத்பரன் நடந்ததையெல்லாம் எழுதிவைத்தார். மற்றவர்களைக் குணப்படுத்தத் தம் யோக சக்தியைப் பயன்படுத்திய நீங்கள் உங்களுக்கு ஏன் பயன்படுத்தவில்லை என்று அவர்கள் கேட்டே விட்டார்கள். இல்லை என்று பதில். ஏன் என்று விடவில்லை. விளக்க முடியாது, உங்களுக்குப் புரியாது என்று முடித்துவிட்டார்.

உடலை வெல்வது யோகத்தின் இலக்கு என்று சொன்னவர் யுரீமியாவில் இறந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை சொன்ன விளக்கம், அவர் நோயால் போகவில்லை, ஒரு வேலைக்காக உடலைத் தாமே விட்டார் என்பது. உடலில் சிதைவின் அடையாளம் தெரியவில்லை என்பதால் அடக்கம் தள்ளிப்போடப்பட்டது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அதற்கு அதிகாரிகளின் சம்மதம் வேண்டியிருந்தது. டிசம்பர் 9 மாலை, ஆசிரம முற்றத்தில் இன்றும் நிழல் தரும் இயல்வாகை மரத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். அன்னையின் விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அரவிந்தர் தாமாக எந்த விளக்கமும் கொடுக்காமல் போனார் என்பதைப் பதிவுகள் தெளிவாகக் காட்டுகின்றன. கடைசி மாதங்களில் அவர் அவசரம் காட்டியது ஒன்றில்தான்: ‘சாவித்திரி’ காவியத்தைத் திருத்தி முடிக்க வேண்டும். அதில் மரணத்தைப் பற்றிய காண்டம் முழுமை பெறாமலே நின்றுவிட்டது.

இந்தப் படுக்கையருகுச் சித்திரங்களுக்கெல்லாம் மூலப்படிவம் பௌத்த நூல் தொகுப்பான தீக நிகாயத்தில் இருக்கிறது. அந்தத் தொகுப்பிலேயே நீளமான மகாபரிநிப்பான சுத்தம் புத்தரின் கடைசி மாதங்களைச் சொல்கிறது. 80 வயதுக் கிழவர். உடம்பு, கயிறு போட்டுக் கட்டி ஓட்டும் பழைய வண்டியாகிவிட்டது என்று தாமே சொல்கிறார். கொல்லன் சுந்தன் வீட்டில் உண்ட பிறகு இரத்தப் பேதி வருகிறது. ஒரு மதத்தின் புனித நூல் தன் நாயகனின் வயிற்றுப்போக்கைக் கூசாமல் எழுதிவைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. அந்த விவரம் இருப்பதால்தான் 2000ஆம் ஆண்டில், மருத்துவம் படித்த தாய்லாந்து பிக்கு மெத்தானந்தோவும் ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கர் ஃபான் ஹின்யூபரும் சேர்ந்து, அது உணவு நஞ்சாக இருக்க வாய்ப்பு குறைவு, குடலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம் என்று வாதிட முடிந்தது.

அந்த நிலையிலும் புத்தரின் கவலை சுந்தனைப் பற்றி. நீ கொடுத்த சோற்றால்தான் போனார் என்று யாரும் அவனைக் குத்திவிடக் கூடாது; ஞானம் பெறுவதற்கு முன் உண்ட உணவும் பரிநிர்வாணத்துக்கு முன் உண்ட உணவும் சமமான புண்ணியம் என்று அவனிடம் சொல் என்கிறார் ஆனந்தரிடம். ஆனந்தரோ கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். குசிநாரா என்ற இந்த மண்சுவர்ச் சிற்றூரிலா சாக வேண்டும், சாவத்தி போன்ற பெரிய நகரங்கள் இருக்கின்றனவே என்று அங்கலாய்க்கிறார். குருவின் மறைவுக்குத் தகுந்த மேடை வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது. சங்கத்துக்கு அடுத்த தலைவர் யார் என்ற கேள்விக்கும் புத்தர் ஆள் காட்டவில்லை. தம்மமும் விநயமுமே இனி ஆசான் என்றார். மூடிய கைக்குள் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்றும் சொன்னார்.

ஆனந்தரைப் போலவே ராமகிருஷ்ணரின் சீடர் நரேந்திரரும் குருவை விடவில்லை. ராமகிருஷ்ணருக்கு 1885இல் தொண்டையில் புற்றுநோய். அவருக்கு வைத்தியம் பார்த்த மகேந்திரலால் சர்க்கார், அலோபதியில் பெரிய பட்டம் பெற்று ஹோமியோபதிக்கு மாறியவர். கல்கத்தாவில் அவர் தொடங்கிய அறிவியல் கழகத்தில்தான் பின்னாளில் சி.வி. ராமன் ஒளி ஆராய்ச்சி செய்தார். நாள்தோறும் வாதம் செய்யும் பகுத்தறிவாளரான அந்த டாக்டர் மணிக்கணக்கில் நோயாளியுடன் பேசிக்கொண்டிருப்பார். காளியிடம் சொல்லித் தொண்டையைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று நரேந்திரர் வற்புறுத்தினார். கெஞ்சலுக்கு இணங்கி ராமகிருஷ்ணர் கேட்டும் பார்த்தார். இத்தனை வாய்களால் நீ சாப்பிடவில்லையா என்று சீடர்களைக் காட்டி அம்மா கேட்டாளாம். வெட்கமாகப் போய்விட்டது என்றார். 1886 ஆகஸ்ட் 16 அன்று காசிப்பூர்த் தோட்ட வீட்டில் மறைந்தார்.

உயிர் போன பிறகு உடல் என்ன ஆகிறது என்பதில்தான் இந்து, பௌத்த மரபுகள் இரண்டும் வெளிப்படையாகப் பிரிகின்றன. துறவு பூணும்போதே சந்நியாசி தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொள்கிறார். சடங்கின் கணக்கில் அவர் அன்றே செத்தவர். ஆகவே பின்னால் உடல் விழும்போது எரிப்பதில்லை, சமாதி வைக்கிறார்கள். திருமந்திரத்தில் இதற்கென்றே ‘சமாதிக் கிரியை’ என்ற பகுதி உண்டு. ஞானியின் உடலைத் தீயிட்டால் நாட்டுக்கே கேடு என்பது அதன் எச்சரிக்கை. பௌத்தத்தில் ஆசானை எரிக்கிறார்கள்; எலும்பையும் சாம்பலையும் பங்கிட்டு ஸ்தூபம் கட்டுகிறார்கள். புத்தரின் தாதுக்களுக்கே படை திரட்டிக்கொண்டு வந்தார்கள் அரசர்கள்.

உடலே இல்லாத சமாதியும் நம்மிடம் உண்டு. வள்ளலார் 1874 ஜனவரி 30 இரவு மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்தச் சொன்னார். தென்னாற்காடு மாவட்டம் பற்றிய ஆங்கில அரசின் நூலில் இது பதிவாகியிருக்கிறது: அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. ஒளியுடம்பானார் என்று சன்மார்க்கிகள் நம்புகிறார்கள். அரசாங்க ஆவணம் வியக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்தவருக்கு வேறு எந்த முடிவும் போதனைக்கு முரணாகியிருக்கும்.

திபெத்திய மரபில் மரணம் பயிற்சியின் கடைசிப் பாடம். தாம் சாகும் படிநிலைகளைத் தியானத்தில் தினமும் ஒத்திகை பார்ப்பதாகத் தலாய் லாமா பலமுறை சொல்லியிருக்கிறார். மூச்சு நின்ற பிறகும் நுண்ணிய உணர்வு சில நாள் தியானத்தில் தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை, துக்தம் என்பார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து மருத்துவமனையில் 1981 நவம்பர் 5 அன்று, அந்த மரபின் பெரிய லாமாக்களில் ஒருவரான 16ஆவது கர்மபா புற்றுநோயால் இறந்தபோது, அவர் நெஞ்சுப் பகுதியில் வெகுநேரம் சூடு இருந்ததாக உடனிருந்த டாக்டர்கள் சொன்னார்கள். அடுத்த கர்மபாவைக் காட்டும் கடிதம் என்று 1992இல் ஒன்று வெளிவந்ததும் அது உண்மைதானா என்ற சண்டை மூண்டது. இன்று கர்மபா பட்டத்துக்கு இருவர்.

துக்தத்தைக் கருவி வைத்துப் பார்த்துவிடலாம் என்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் டேவிட்சன் குழு இந்தியாவிலுள்ள திபெத்திய மடங்களோடு சேர்ந்து இறங்கியது. துக்தத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட 13 பேரின் மூளை மின்னலைப் பதிவுகளை 2021இல் வெளியிட்டார்கள். மூளையில் எந்த மின்செயலும் தென்படவில்லை. எந்தப் பதிவும் இறந்து 26 மணி நேரத்துக்குள் எடுத்ததில்லை; ஆகவே அதற்கு முந்தைய நிலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இதில் பாராட்ட வேண்டியது மடங்களின் துணிவு. இறந்தவரைத் தொடவே கூடாது என்ற நம்பிக்கை உள்ளவர்கள், தங்கள் ஆசானின் தலையில் மின்முனை ஒட்ட அனுமதித்தார்கள்.

குரு முன்கூட்டியே குறித்த நாள் பொய்த்தால் அதை ஒப்புக்கொள்ளும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 96 வயதுவரை இருப்பேன் என்று சொன்ன சத்ய சாய்பாபா, சுமார் நான்கு வாரம் மருத்துவமனையில் இருந்து 2011 ஏப்ரல் 24 அன்று 84 வயதில் மறைந்தார். நட்சத்திர மாதக் கணக்கில் பார்த்தால் 96 சரியாக வருகிறது என்று பக்தர்களில் சிலர் கூட்டிக் கழித்துக் காட்டினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் படுக்கையருகே புதிதாக ஒன்று வந்து நின்றது: வென்டிலேட்டர். தாய்லாந்தின் புத்ததாச பிக்கு இதை முன்கூட்டியே யோசித்தவர். சையா நகருக்கு அருகில் சுவான் மோக் வன மடத்தை அமைத்தவர். பிறந்தநாளில் விருந்துக்குப் பதில் பட்டினி கிடந்து வயதைக் கேலி செய்யும் வழக்கம் கொண்டவர். இயற்கையாக, மடத்திலேயே சாக வேண்டும், உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1993 மே 25 அன்று, 87ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மூளையில் இரத்தக் கசிவு. பேச்சு போயிற்று. முடிவெடுக்கும் பொறுப்பு மற்றவர்கள் கைக்குப் போனது. காப்பாற்ற வழி இருக்கும்போது விடுவதா என்றது ஒரு தரப்பு. அவர் சொன்னதைக் காப்பதுதான் அவரைக் காப்பது என்றது இன்னொரு தரப்பு. பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருந்தார். நம்பிக்கை அற்றுப்போன பிறகே மடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று காலமானார். அடம்பிடித்தவர்களில் பொல்லாதவர் யாரும் இல்லை. எல்லோரும் அவர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள் என்பதுதான் இதில் கொடுமை.

அதே நாட்டின் அஜான் சா கதை வேறு மாதிரி. வாய்ப்பேச்சால் கிராமத்து விவசாயியையும் வெள்ளைக்கார இளைஞனையும் ஒருசேரக் கட்டிப்போட்டவர், 1981இல் மூளை அறுவைக்குப் பின் படிப்படியாகப் பேச்சையும் அசைவையும் இழந்தார். 1992 ஜனவரி 16 வரை, ஏறத்தாழ பத்து ஆண்டு, உபோன் மாகாணத்து வாட் பா போங் மடத்தில் சீடர்கள் முறைவைத்து அவரைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். நோயும் முதுமையும் அனுபவமாகக் கற்க வேண்டியவை என்று அவர் பேசியதை அந்த இளம் பிக்குகள் இப்போது கையால் செய்து படித்தார்கள். அவர் உள்ளே என்ன நிலையில் இருந்தார் என்பதை யாரும் அறிய வழியில்லை. அதைச் சமாதி நிலை என்று சொல்லிவிடுவது சுலபம். மடம் அப்படி விளம்பரப்படுத்தாமல் மருந்து, கஞ்சி, துணி என்று பார்த்துக்கொண்டதே மேல். ஓராண்டு கழித்து நடந்த எரியூட்டலுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள், மன்னரும் வந்தார்.

இந்தியாவில் இதற்கு நேரெதிர் உதாரணம் காந்தியவாதி வினோபா. 1982 நவம்பரில் மாரடைப்பு வந்தது. சில நாளில் உணவு, தண்ணீர், மருந்து மூன்றையும் நிறுத்தினார். பிரதமர் இந்திரா காந்தி பவனார் ஆசிரமத்துக்கு வந்து கேட்டும் இசையவில்லை. நவம்பர் 15, தீபாவளி நாளில் முடிந்தது. அவருக்குக் கடைசிவரை நினைவும் வாக்கும் இருந்தன; அதனால் அவர் சொல் நின்றது. புத்ததாசருக்கு வாக்கு போனது. அவர் சொல்லும் கூடவே போனது. இருவர் மனவலிமையிலும் வித்தியாசம் தேட வேண்டியதில்லை. நோய் தாக்கியது இதயத்தையா மூளையையா என்பதே தீர்மானித்துவிட்டது.

தாய்லாந்து 2007இல் கொண்டுவந்த தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, உயிரை வெறுமனே நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் அதே வகை ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் வேண்டும். நினைவு தப்பும்போது முடிவு சொல்ல ஒரு பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினரின் பெயரை அதில் எழுத வேண்டும். பூர்வாசிரமத்தைத் துறந்த ஒரு மடாதிபதியோ பிக்குவோ அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவார்? சட்டம் இடம் தருவதால் ஒரு சீடரை எழுதலாம். எந்தச் சீடரை என்பதை அவர் நன்றாக யோசிக்க வேண்டியிருக்கும்: தம்மிடம் அதிகப் பிரியம் வைத்திருப்பவரையா, தாம் சொன்னதை அதிகம் காதில் வாங்கியவரையா?